பதினெட்டுக் குழியும் ஒரு காம்பவுண்டுச் சுவரும்

தேவ்நாரில் குடியிருக்கிறேன் என்று சொன்னால் மும்பைக்காரர்களின் கை தன்னால் மூக்குக்குப் போய்விடும். ஊர்க் குப்பையெல்லாம் வந்து சேருகிற இடம். இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் "ஆடு வெட்டுற எடம்தானே சார்?" என்பார்கள். 1971-லிருந்து இறைச்சிக்கூடமும் இங்கேதான். டாட்டா சமூக அறிவியல் கழகம் 1954-லேயே இங்கே வந்துவிட்டதே என்று நான் எடுத்துவிட்டுப் பார்ப்பேன். யாரும் காதில் வாங்குவதில்லை.

அப்படிப்பட்டவர்களுக்காகவே ஒரு தகவலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தேவ்நார் குப்பைமேடு தொடங்கிய வருஷம் 1927. இங்கிருந்து ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில், செம்பூரில் இருக்கிற பாம்பே பிரசிடென்சி கோல்ஃப் கிளப் தொடங்கிய வருஷமும் 1927. இரண்டுக்கும் ஒரே வயசு! குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906-ல் ரயில்பாதை போட்டதுகூடக் குப்பை வண்டி ஓட்டத்தான். மனுஷர்களை ஏற்றிக்கொண்டது 1924-ல். ஆக, முதல் மரியாதை குப்பைக்கு, 18 வருஷம் கழித்து நமக்கு, அதற்கும் மூன்று வருஷம் கழித்து கோல்ஃபுக்கு.

இந்தப் பதிவு கோல்ஃப் பற்றியது. பயப்படாதீர்கள், ஆடச் சொல்லித்தர மாட்டேன். அந்தத் தகுதி எனக்கு இல்லை என்பது கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும் :-)

சொல்லவந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் பணக்காரர்களின் ஆட்டம் என்று காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆட்டத்துக்கு அப்படி ஒரு குணம் கிடையாது. ஒரு குச்சி, ஒரு பந்து, ஒரு குழி. கோவில்பட்டிப் பக்கம் நாங்கள் கோலிக்குண்டு வைத்து ஆடிய மூணு குழி ஆட்டத்தைப் பெரிய இடத்தில் ஆடினால் அதுதான் கோல்ஃப். தோற்றவன் முட்டி தேயக் குண்டைத் தள்ளவேண்டும் என்கிற தண்டனைதான் இதில் இல்லை. பணக்காரத்தனம் எல்லாம் திடலைச் சுற்றி நிற்கிற காம்பவுண்டுச் சுவரில் இருக்கிறது. அந்தச் சுவரில் ஒரு கேட் திறக்கவேண்டும் என்பது என் கட்சி.

பி.காம் படித்துவிட்டு பேங்கில் சேர்ந்தவனுக்கு கோல்ஃப் ஆடுகிற இடத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பெரிய கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கிற பிரான்ச்சுக்கு மாற்றல் ஆனதும்தான் இந்த வார்த்தையே என் காதில் அதிகம் விழ ஆரம்பித்தது. மீட்டிங் முடிந்து டீ குடிக்கும்போது ஃபைனான்ஸ் டைரக்டர்கள் "உங்க ஹேண்டிகேப் என்ன?" என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வார்கள். முதல்முறை கேட்டபோது ஏதோ உடம்புக்கு முடியாத சமாச்சாரம் போல என்று சமோசாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செம்பூரில் ரொம்பக் காலமாக இருக்கிற பாலக்காட்டு நண்பர் ஒருவர், சக அதிகாரி, "சும்மா கிண்டல் பண்ணாதீங்கோ, ஒரு தடவை வந்து பாருங்கோ" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இழுத்துக்கொண்டு போனார். செம்பூருக்கு இல்லை. அது உறுப்பினர்களுக்கான கிளப், நாம் போய் டிக்கெட் கேட்டு நிற்கமுடியாது. போனது கார்கர்.

கார்கர் தெரியும்தானே? கோவண்டியில் ஹார்பர் லைன் வண்டி ஏறினால் மான்குர்ட் தாண்டி வாஷி பாலம், அப்புறம் சான்பாடா, ஜுயிநகர், நெருள், பேலாப்பூர் என்று வரிசையாக வந்து கார்கர் வரும். அங்கே மலையடிவாரத்தில் சென்ட்ரல் பார்க்குக்குப் பக்கத்திலேயே சிட்கோ ஒரு கோல்ஃப் திடல் வைத்திருக்கிறது. கார்கர் வேலி கோல்ஃப் கோர்ஸ். திட்டம் 18 குழிக்கு. திறந்தபோது 11 குழி. முக்கியமான விஷயம், இது பொதுத் திடல். உறுப்பினராக இருக்கவேண்டாம், யாருடைய சிபாரிசும் வேண்டாம். பணம் கட்டினால் ஆடலாம்.

ஒன்பது குழி ஆடினோம். மொத்தம் 71 அடி அடித்தேன். நண்பருக்கு 47. (நன்றாக ஆடுகிறவர்கள் இதே ஒன்பது குழியை 36, 37-ல் முடிப்பார்களாம்.) இந்த 71-ல் காற்றை அடித்ததும் சேர்த்தி. பந்தை அடிக்காமல் காற்றை அடித்தாலும் கோல்ஃபில் கணக்கில் ஏறிவிடும். எங்கள் பேங்கில் பெனால்டி வட்டி இருக்கிறதே, அதே தர்மம்.

ஆட்டத்தைவிட நடைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. மலையெல்லாம் பச்சை. ஃபேர்வே என்று சொல்கிற அந்த நீளப் புல்வெளியில் ஆள்காட்டிக் குருவிகள் நம்மைக் கண்டதும் கத்திக்கொண்டு ஓடுகின்றன. இத்தனை வருஷ மும்பை வாழ்க்கையில், யார் தோளிலும் இடிக்காமல் தொடர்ந்து இரண்டு மணிநேரம் நான் நடந்தது அன்றைக்குத்தான். இதைப் படிக்கிற தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. லோக்கல் ரயிலில் தாதர் தாண்டுகிறவனிடம் கேளுங்கள், சொல்வான்.

எனக்குப் பை தூக்கிவந்தவன் பக்கத்துக் கிராமத்துப் பையன். இருபத்திரண்டு வயசு இருக்கும். கேடி. இந்த வார்த்தையை வைத்து வீட்டில் ஒரு கூத்து நடந்தது. ராத்திரி ஊருக்கு போன் பண்ணும்போது, "இன்னைக்கு ஒரு கேடி கூட மூணு மணிநேரம் சுத்துனேம்மா" என்று சொல்லிவைத்தேன். போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ மாட்டியிருப்பார்களே, அந்தக் கேடிதான் அம்மாவுக்குத் தெரியும். "என்னல, இந்த வயசுல கேடி கூடவா சுத்துத?" என்று பதறிவிட்டாள். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் பத்து நிமிஷம் போயிற்று. மூட்டை தூக்குகிறவனுக்கு எதற்கு இந்தப் பட்டப்பெயர் என்று அம்மா கேட்டாள்.

மூட்டை தூக்குகிறவன் மட்டும் இல்லை அம்மா. நான் நாலாவது குழியில் அடித்து அடித்துச் சோர்ந்துபோனபோது அவன் ஏழாம் நம்பர் மட்டையை என் கையில் கொடுத்து, "பந்தை மறந்துடுங்க சாப். பந்துக்குக் கீழே இருக்கிற புல்லைச் சீவுங்க" என்றான். சீவினேன். பந்து மேலே எழும்பி, எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் அடித்ததுபோல நேராகப் போய் விழுந்தது. கிரீனில் எந்தப் பக்கம் சரிவு, காற்று எங்கிருந்து வருகிறது, பந்து எந்தப் புதரில் போய் ஒளிந்திருக்கும், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. நண்பருக்கே தெரியாத நுணுக்கங்கள். இருநூறு கஜத்துக்கு அப்பால் நாலேகால் அங்குலக் குழி ஒன்று இருக்கிறது, அதை நம்பிக் கம்பைச் சுழற்றுகிறோம். வழி தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

இனிமேல்தான் விஷயமே.

நம் செம்பூரில், கோல்ஃப் கிளப்பை ஒட்டிய குடியிருப்புச் சந்துகளில் இன்னொரு கோல்ஃப் நடந்திருக்கிறது. கேடி வேலை பார்க்கிற பையன்கள், வேலை இல்லாத நேரத்தில், கட்டிடக் கம்பியை வளைத்து மட்டையாக்கி, பிடிக்கு ரப்பர் டியூப் சுற்றி, பிளாஸ்டிக் பந்தை வைத்து ஆடியது. இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே சந்துதான் ஃபேர்வே. சாக்கடையில் பந்து விழாமல் அடிக்கவேண்டும், தகரக் கூரையில் பட்டுத் தெறித்தால் அதற்கொரு கணக்கு. பத்திரிகைகள் இதற்கு 'ஸ்லம் கோல்ஃப்' என்று பெயர் வைத்தன. போலந்து நாட்டுப் புகைப்படக்காரர் தோமாஷ் குட்சோவாத்தி எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. படங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பையன் மட்டையை ஓங்கி நிற்கிறான், கொடியில் துணி காய்கிறது. அந்த நிற்பில் இருக்கிற நேர்த்தி எந்தக் கிளப் வரவேற்பறைப் போட்டோவுக்கும் குறைந்தது இல்லை. மும்பைக் கேடிகளில் ஒருவரான அனில் பஜ்ரங் மானே பிற்பாடு தொழில்முறை ஆட்டக்காரராகவும் ஆனார்.

கோல்ஃப் பணக்கார ஆட்டம் என்பவர்களுக்கு இந்தச் சந்து போதும், பதில் சொல்ல. ஆட்டத்தின் மேல் ஆசை வந்தவன் கம்பியை வளைத்துக்கொண்டான். வளைக்கமுடியாமல் போனது நிலத்தை மட்டும்.

நம் நாட்டு கோல்ஃப் சரித்திரத்தையே கேடிகளை விட்டுவிட்டுச் சொல்லமுடியாது. இந்தியன் ஓப்பனைத் தொழில்முறை ஆட்டக்காரராக முதலில் ஜெயித்த இந்தியர் அலி ஷேர், 1991-ல். டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை தூக்கி ஆட்டம் கற்றவர். 1993-ல் இன்னொருமுறையும் ஜெயித்தார். 2009-ல் அதே கோப்பையை எடுத்தவர் பெங்களூருக்காரர் சின்னசாமி முனியப்பா. அவரும் கேடியாக இருந்தவர்தான். கிரிக்கெட்டில் பந்து பொறுக்கிப் போடுகிற பையன் ரஞ்சிக்கு வந்தாலே நாம் சினிமா எடுத்துவிடுவோம். இவர்கள் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கடல் தாண்டியும் ஒரு கதை உண்டு. தென்னாப்பிரிக்காவில் டர்பன். நம் ஊர்க்காரர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய ஊர். அங்கே இந்திய வம்சாவளியில் பிறந்த சுவ்சங்கர் சுவ்கோலும், எல்லோரும் கூப்பிடுவது 'பாப்வா'. இவரும் கேடி. மட்டையைப் பிடிப்பதே தலைகீழ், எல்லோரும் கீழே வைக்கிற கையை இவர் மேலே வைப்பார். அப்படிப் பிடித்தே 1959, 1960, 1964 என்று மூன்று முறை டச்சு ஓப்பன் ஜெயித்தார். 1963-ல் சொந்த ஊரில் நேட்டால் ஓப்பனில் வெள்ளைக்காரர்களை ஜெயித்தபோது கோப்பை கொடுக்கவேண்டுமே. கிளப் கட்டிடத்துக்குள் நிறத்தவர் வரக்கூடாது. வெளியே மழை. மழையில் நிற்கவைத்துக் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். உள்ளே வெள்ளைக்காரர்கள். அந்தப் படமும் உலகம் சுற்றியது. கொஞ்ச வருஷத்தில் அவர் ஆடவே கூடாதென்று ஆக்கினார்கள், பாஸ்போர்ட்டையும் பிடுங்கினார்கள். 1978-ல் செத்தும் போனார். பிற்காலத்தில் டர்பனில் ஒரு நகராட்சி கோல்ஃப் திடலுக்கு அவர் பெயரை வைத்தார்கள். பெயர் வைப்பது எல்லா ஊரிலும் சுலபமாக நடந்துவிடுகிற காரியம்.

அது நிறவெறிக் காலம், இங்கே அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லவருகிறீர்களா? 2017 ஜூனில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் விருந்தாளியாக வந்த ஒரு காசி இனத்துப் பெண்மணியை, அவர் உடுத்தியிருந்த ஜெய்ன்செம் 'வேலைக்காரி உடை' மாதிரி இருக்கிறது என்று சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுப்பி அனுப்பியது பேப்பரில் எல்லாம் வந்ததே. ஜெய்ன்செம் மேகாலயாவின் பாரம்பரிய உடை. மழை மட்டும்தான் பாக்கி.

நிற்க. இதையெல்லாம் படித்துவிட்டு "அப்படியானால் எல்லா கோல்ஃப் திடலையும் பிடுங்கி ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிடலாம்" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அவர்களோடும் எனக்குத் தகராறு. அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. காமர்ஸ் படித்தவனிடம் மாட்டிக்கொண்டால் கணக்கு இல்லாமல் தப்பிக்கமுடியாது.

பதினெட்டுக் குழித் திடலுக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு கோஷ்டி, கோஷ்டிக்கு நாலு பேர். காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு வரைதான் புதிதாக ஆட்களைக் கிளப்பிவிடமுடியும், அதற்குமேல் கிளம்பினால் முடிப்பதற்குள் இருட்டிவிடும். எட்டு மணிநேரம், மணிக்கு ஆறு கோஷ்டி, மொத்தம் 48 கோஷ்டி, 192 பேர். ஒரு நாள் முழுக்க, ஒரு நிமிஷம்கூட வீணாகாமல் போனால், நூறு ஏக்கரில் 192 பேர். ஆசாத் மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 25 ஏக்கர். 22 கிரிக்கெட் பிட்ச். இரண்டு டீமும் சேர்த்து ஒரு பிட்ச்சுக்கு 22 பேர் என்றால் ஒரே நேரத்தில் 484 பேர். இந்த ஆட்டத்து ஃபீல்டர் அந்த ஆட்டத்து பேட்ஸ்மேனுக்குப் பின்னால் நிற்பார், ஆனாலும் நடக்கிறது. டெண்டுல்கரும் காம்ப்ளியும் 1988-ல் 664 ரன் சேர்த்தது அந்த நெரிசலில்தான்.

ஆட்களை எண்ணிப் பார்த்தால் கோல்ஃப் எழுந்து நிற்கவே முடியாது. எந்தக் கிரெடிட் கமிட்டியும் இந்த ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடும்.

ஆனால் நான் தேவ்நார்க்காரன். 2016 ஜனவரி கடைசியில் குப்பைமேடு பற்றிக்கொண்டபோது இங்கே இருந்தவன். நாசாவின் செயற்கைக்கோள் படத்திலேயே அந்தப் புகை தெரிந்தது. மாநகராட்சிப் பள்ளிகளை மூடினார்கள். மார்ச்சில் மறுபடியும் எரிந்தது. என் மகளுக்கு அப்போது ஆறு வயசு. ராத்திரி இரண்டு மணிக்கு நெபுலைசர் மாஸ்க்கை மூக்கில் பிடித்துக்கொண்டு, ஈரத்துணியை ஜன்னலில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒருபக்கம் குப்பைமேடு, இன்னொருபக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், உரத் தொழிற்சாலை. இந்த வட்டாரத்தில் மரம் நிற்கிற ஒவ்வொரு ஏக்கரும் எங்கள் நுரையீரலில் ஒரு பங்கு. கோல்ஃப் திடலைப் பிடுங்கினால் ஏழைக்கு வீடு வருமா? மும்பையில் காலி இடம் கிடைத்தால் என்ன முளைக்கும் என்று இருபது வருஷமாக வீட்டுக்கடன் ஃபைல் பார்க்கிற எனக்குத் தெரியும். நாற்பது மாடி, நீச்சல்குளம், பெயரில் எங்காவது ஒரு 'கிரீன்ஸ்'.

அதனால் திடல் இருக்கட்டும். மரமும் புல்லும் ஆள்காட்டியும் இருக்கட்டும். கேட் மட்டும் திறக்கட்டும்.

எப்படித் திறப்பது என்பதற்கு ஆட்டம் பிறந்த ஊரே வழி காட்டுகிறது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ். கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு அது காசி, ராமேஸ்வரம் மாதிரி. அங்கே இருக்கிற ஓல்டு கோர்ஸ் ஒரு தனியார் கிளப்பின் சொத்து என்றுதான் பலரும் எண்ணுவார்கள். அது ஊர்ப் பொதுநிலம்! அதற்கொரு சுவாரசியமான கடன் கதைகூட இருக்கிறது. 1797-ல் நகராட்சி திவாலாகி அந்த நிலத்தைக் கைவிட, முயல் வளர்க்கிறவர்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். முயல்கள் திடலெல்லாம் வளை தோண்ட, கோல்ஃப்காரர்களுக்கும் முயல்காரர்களுக்கும் இருபது வருஷத்துக்கு மேல் வழக்கும் அடிதடியும். 1821-ல் உள்ளூர் நிலக்கிழார் ஒருவர் நிலத்தை வாங்கி ஆட்டத்தைக் காப்பாற்றினார். 1894-ல் பாராளுமன்றத்தில் சட்டமே போட்டு நகராட்சி நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் அது ஒரு பொது அறக்கட்டளையின் நிர்வாகத்தில் இருக்கிறது. வெளியூர்க்காரன் பெயர் கொடுத்தால் குலுக்கலில் இடம் கிடைக்கலாம். உள்ளூர்க்காரருக்கு வருஷச் சீட்டு, சலுகை விலையில். திடலின் முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் குறுக்கே ஒரு பொதுப் பாதை ஓடுகிறது, ஆட்கள் போனால் ஆட்டக்காரர்கள் காத்திருக்கவேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஞாயிற்றுக்கிழமை. பெரிய போட்டிகள் நடக்கிற நாட்கள் போக, ஞாயிறன்று ஓல்டு கோர்ஸில் கோல்ஃப் கிடையாது. ஊர் ஜனம் நாயைக் கூட்டிக்கொண்டு, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு புல்லில் நடக்கிறது. உலகத்திலேயே விலைமதிப்பில்லாத கோல்ஃப் புல்! அதன் மேல் நாய் ஓடுகிறது, யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

"நம் ஜனங்களை விட்டால் புல்லெல்லாம் வேர்க்கடலைத் தோலும் பான் எச்சிலுமாக ஆகிவிடும்" என்று பாலக்காட்டு நண்பர் சொல்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸில் கச்சேரி முடிந்து வெளியே வரும்போது மாடிப்படி மூலையைப் பார்த்தவன்தான் நானும். ஆனாலும் சேடா நகர் முருகன் கோயிலில் நூறு படிக்குமேல் ஏறிப்போகிறோம், அங்கே யாரும் துப்புவதில்லை. தன் இடம் என்று தோன்றிவிட்டால் காலும் கையும் தானாக அடங்கும். எந்நாளும் சுவருக்கு வெளியே நிறுத்திவைக்கப்பட்டவனிடம் உள்ளே வந்த முதல் நாளே ஒழுக்கம் எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

சென்னையில் இந்தக் கேள்வி வாசல் வரைக்கும் வந்துவிட்டது. கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் நடுவே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் திடல் இருந்தது நினைவிருக்கும். 1945-ல் 99 வருஷக் குத்தகைக்கு விட்ட அந்த 160 ஏக்கரை 2024 செப்டம்பரில் தமிழக அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. வேளச்சேரி வெள்ளத்துக்கு வடிகாலாகக் குளங்கள், பசுமைப் பூங்கா என்று அறிவித்தார்கள். வழக்குகளும் போட்டார்கள். ஊட்டியிலும் அதே வருஷம் பந்தய மைதானத்தை எடுத்தார்கள். பேப்பரில் வந்த வாதங்களில் இரண்டே கட்சிதான். ஒன்று, சீமான்களின் விளையாட்டு ஒழிந்தது என்கிற கொண்டாட்டம். இன்னொன்று, நூற்றாண்டுப் பாரம்பரியம் போயிற்றே என்கிற ஒப்பாரி. வேளச்சேரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற என் மச்சினனைக் கேட்டால் குளம்தான் முதலில் என்பான், நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் அத்தனை பெரிய பூங்காவின் ஒரு ஓரத்தில், ஒரு ஆறு குழி, மாநகராட்சியே நடத்துகிற ஆறு குழி, பள்ளிக்கூடப் பையன்களும் பழைய கேடிகளும் ஐம்பது ரூபாய்க்கு ஆடுகிற ஆறு குழி இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று யாரும் கேட்கவில்லை. நியூயார்க்கில் 1895-லேயே வான் கோர்ட்லாண்ட் பூங்காவுக்குள் நகராட்சித் திடல் வைத்துவிட்டார்கள். டெல்லி வளர்ச்சி ஆணையமும் லாடோ சராயில் குதுப் திடலை நடத்திக்கொண்டுதான் இருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை.

கார்கரை நான் மெச்சுவது இதனால்தான். சுவர் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. என்னைப் போன்ற சம்பளக்காரன் உள்ளே போய் 71 அடித்துவிட்டு வரமுடிகிறது. ஆனால் 'பொது' என்கிற வார்த்தை என்னோடு நின்றுவிடக்கூடாது. கட்டணம் கட்டி ஆடுகிறவனுக்குப் பொது, பை தூக்குகிறவனுக்கு வேலையிடம் என்று பிரித்தால் அது பாதிப் பொது. நவி மும்பையே கிராமங்களின் வயலையும் உப்பளத்தையும் எடுத்து எழுப்பிய ஊர். அந்த நிலத்துக்காக 1984 ஜனவரியில் தி.பா. பாட்டில் தலைமையில் போராடி ஐந்து பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் நிலம் கொடுத்தவர்களுக்குப் பன்னிரண்டரை சதவீதம் என்கிற திட்டமே வந்தது. அந்த மண்ணில் கோல்ஃப் ஆடும்போது, அந்த ஊர்ப் பையனுக்கு ஆட உரிமை தருவதைச் சலுகை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற விஷயமும் இல்லை. அரசாங்க நிலத்தில், அரசாங்கக் குத்தகையில் இருக்கிற எந்தக் கோல்ஃப் திடலாக இருந்தாலும், குத்தகையைப் புதுப்பிக்கும்போது பத்திரத்தில் மூன்று வரி சேர்த்தால் போதும். வாரத்தில் ஒரு நாள் மாலை இரண்டு மணிநேரம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஊர் ஜனம் நடக்கவேண்டும். வாரத்தில் ஒரு நாள் கேடிகள் காசில்லாமல் ஆடவேண்டும், உறுப்பினர்கள் ஆடுகிற அதே புல்லில். பல கிளப்புகளில் திங்கட்கிழமை இப்படி ஒரு வழக்கம் உண்டு, ஆனால் அது செயலாளரின் நல்ல மனசைப் பொறுத்தது. பத்திரத்தில் ஏறினால் உரிமை. மூன்றாவது, தண்ணீர். புல்லுக்கு ஊற்றுவது சுத்திகரித்த கழிவுநீராக மட்டும் இருக்கவேண்டும். எங்கள் சொசைட்டி மே மாதம் டேங்கருக்குக் கொடுக்கிற பில்லை நான்தான் பாஸ் பண்ணுகிறேன், அதனால் இந்த மூன்றாவது வரியில் எனக்கு இரக்கமே கிடையாது.

கடன் பத்திரத்தில் நாங்கள் எத்தனை நிபந்தனை போடுகிறோம்! ஒரு ஓட்டை மில்லுக்குப் பத்துக் கோடி கொடுப்பதற்கு முப்பத்திரண்டு பக்கம். நூறு ஏக்கர் நிலத்தைப் பல வருஷத்துக்குக் கொடுக்கிற பத்திரத்தில் மூன்று வரி எழுத இடமில்லையா என்ன?

ஒன்பதாவது குழி முடிந்ததும் அந்தப் பையனிடம் மட்டையைக் கொடுத்து, "நீ ஒரு அடி அடி" என்றேன். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினான். "எத்தனையில் முடிப்பே?" என்றேன். "சரியா எண்ணினதில்லை சாப். நாற்பதுக்குள்ள வரும்" என்றான்.

போக ஆசைப்படுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மட்டை வாங்கிவிடாதீர்கள், நாலு தடவை போய்ப் பார்த்து, பிடிக்கிறதா என்று தெரிந்துகொண்டு முடிவு பண்ணுங்கள். காலர் வைத்த சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ரயிலில் போகிறவர்கள் ஞாயிறு மெகா பிளாக் இருக்கிறதா என்று முதல்நாளே பார்த்துக்கொள்ளவும், ஹார்பர் லைனை நம்பி ஏமாறவேண்டாம். ஏழு மணிக்குள் போய்விட்டால் வெயிலுக்கு முன்னால் ஒன்பது குழி முடிந்துவிடும். பந்து மட்டும் நிறைய எடுத்துப்போங்கள். நான் ஆறு தொலைத்தேன், அவன் நாலு கண்டுபிடித்துக் கொடுத்தான்.